அஞ்சு விரல் அகலம்

சந்தனமாரி பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கிய அதே நேரத்தில்தான் அவள் புருஷனின் அண்ணன் ஊய்க்காட்டானையும் வெட்டுப்பட்ட கோலத்தில் உப்பு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரே வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு உடம்பு வந்து இறங்கினால் வீட்டுக்காரி எதைப் பார்ப்பாள், நீங்களே சொல்லுங்கள். மாமியார் சொர்ணத்தம்மா தான் பெற்றதைத்தான் பார்த்தாள். மருமகளின் வயிற்றைச் சுற்றிக் கட்டவென்று துவைத்துக் காயவைத்துத் தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய வேட்டிகள் நாலையும் அள்ளிக்கொண்டு ஓடி மகனின் தோளிலும் விலாவிலும் சுற்றினாள். ஒன்று நனைந்ததும் அடுத்தது, அது நனைந்ததும் அதற்கடுத்தது என்று நாலும் சிவந்து சொட்டின, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஊய்க்காட்டான் செத்துப்போனான், நாலு வேட்டியும் அவனோடு சுடுகாட்டுக்குப் போயின.

சிப்பிக்காட்டில் பிள்ளை பெற்றவளின் வயிற்றைப் புருஷன் உடுத்திப் பழசான வேட்டியால்தான் நாற்பது நாள் இறுக்கிக் கட்டுவார்கள். சேலைத்துணி ஆகாது, புது வேட்டி ஆகவே ஆகாது, அடுத்த வீட்டு ஆம்பளை வேட்டி என்றால் அது பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு சட்டமும் உண்டு, சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாளைக்குத் துணி கிழிக்கக் கூடாது. இரண்டு சட்டமும் சேர்ந்து பதினாறு நாள் சந்தனமாரியின் வயிற்றைக் கட்டாமல் போட்டுவைத்தன. ஒரு முழத் துணிக்கு என்ன பஞ்சம் என்று நமக்குத் தோன்றும். அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த வயிறு முன்னாலேயே விட்டுப்போயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாசத்தில் உப்பளத்தில் அவள் தலையில் உப்புச் சட்டியைத் தூக்கி வைத்தபோது வயிற்றுக்குள் சர்ரென்று துணி கிழிகிற சத்தம் கேட்டது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து படுத்து எழுந்தால் வயிற்றின் நடுவே ஒரு முகடு எழும்பி நிற்கும், இருபக்கமும் சரியும். எல்லாம் பிள்ளை வளர்கிற வளர்த்திதான் என்றாள் சொர்ணத்தம்மா. பிள்ளை பெண்ணாகப் பிறந்தது, நாலு கிலோ, செண்பகம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை வெளியே வந்த பிறகும் விலகின தசை வந்து சேரவில்லை, தொடுவதற்கு ஆளில்லாமல் நாளுக்கு நாள் விலகி, பதினாறாம் நாள் காலையில் அவள் குனிந்து பார்க்கும்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி ஒரு சாண் நீளத்துக்கு, அஞ்சு விரல் அகலத்துக்கு, ரத்தமும் இல்லாமல் சீழும் இல்லாமல் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது. சந்தனமாரி சேலையை இழுத்து மூடிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் பதினாறாம் நாள் காரியம். அவள் புருஷன் கொம்பையா மொட்டைத் தலையோடு அண்ணனுக்குப் பிண்டம் வைத்தான், கடலில் முழுக்குப் போட்டான், ஈரத்துண்டோடு நேரே மேலச்செறுவைக்குப் போய், ஓடை மடையில் நின்றுகொண்டிருந்த ஒருவனைக் கழுத்தில் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டே வெட்டில் சாய்த்துவிட்டு வந்தான். கடல் தண்ணீர் வருகிற அந்த ஓடை எந்த ஊருக்கு முதலில் திரும்ப வேண்டும் என்பதுதான் சிப்பிக்காட்டுக்கும் மேலச்செறுவைக்கும் சண்டை. பதினோரு வருஷச் சண்டை. நடுவில் மூன்று வருஷம் சமாதானமாக இருந்தபோதுதான் மேலச்செறுவைப் பெண்ணான சந்தனமாரியை இங்கே கட்டிக் கொடுத்தார்கள். சமாதானம் போய்விட்டது, பெண் இங்கேயே இருந்தாள்.

கொம்பையா வீட்டுக்குள் நுழையும்போதே பின்னால் ஜீப் சத்தம். கூரை, கிணறு, கோழிக்கூடு, வைக்கோல், போலீஸுக்குத் தெரியாத இடம் எதுவும் அந்த வீட்டில் மிச்சமில்லை. கையில் அரிவாள் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தனமாரி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், சேலை விலகியிருந்தது. அவன் அந்த வாசலைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், அரிவாளைத் துண்டில் ஒரு துடை துடைத்துக் கூர்ப்பக்கம் கீழாக உள்ளே விட்டான். பிடி வரைக்கும் போய், பிடியும் போயிற்று. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கதவோரம் நின்ற சொர்ணத்தம்மா, "மெதுவாப் போடுல, பச்ச ஒடம்பு" என்றாள்.

போலீஸ் வந்து அடுக்குப்பானையெல்லாம் உருட்டிவிட்டு வெறுங்கையோடு போயிற்று.

அப்புறம் என்ன, ஊரல்லவா, தெரியாமலா போகும்? முதலில் கொம்பையாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள், அடுத்து அவர்களின் மச்சினன்மார் வந்தார்கள், மூன்றாம் மாசத்துக்குள் வடக்குக் கோடியிலிருந்து கோயில் பூசாரி வரைக்கும் அரிவாள் வைத்திருந்தவன் எல்லாம் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். முறைகளும் ஏற்பட்டன. வெறும் இரும்பாக வைக்கக் கூடாது, எண்ணெய்த் துணி சுற்றி வைக்க வேண்டும். வைக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகாதவன் தானே வைக்கக் கூடாது, அவன் அம்மாவோ அக்காளோ வந்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வைப்பு இல்லை, எடுப்பு மட்டும் உண்டு. வருகிறவர்கள் நாட்டுக்கோழி முட்டையும் சுறாக் கருவாடும் கொண்டுவந்தார்கள், பால் சுரக்கும் என்று. ஒருவன் மஞ்சப்பையில் நாட்டு வெடிகுண்டைக் கொண்டுவந்து நீட்டியபோது சொர்ணத்தம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "அடுப்படியில நிக்கவளாச்சே, கொஞ்சமாவது அறிவு வேண்டாமால ஒனக்கு?" என்று தெருமுனை வரைக்கும் விரட்டினாள். ஊர் அவள் பக்கம்தான் நியாயம் என்றது.

போலீஸ் ஒருமுறை இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியோடு வந்தது. அது வீட்டில் எங்கும் வாய் திறக்கவில்லை, சந்தனமாரி பக்கத்தில் கொண்டுபோனதும் காது கிழிகிற மாதிரி கத்தியது. பெண் போலீஸ் அவளை உள்ளே கூட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்து, "காப்பர்-டி போட்டிருக்காளாம் சார்" என்றாள். இன்ஸ்பெக்டர், "அதுக்கா இந்தக் கத்து கத்துது?" என்று கேட்டார். கேட்டதோடு சரி, பொம்பளை சமாச்சாரம் என்று கருவியை அணைத்துவிட்டார். அன்று சாயங்காலம் தெருவே சிரித்தது. மாரி வயிற்றுக்குள் ஊரே பத்திரமாக இருக்கிறது என்று குழாயடியில் பெண்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள், பேசும்போதே சிலர் தங்கள் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

சந்தனமாரி சிரிக்கவில்லை, சிரித்தால் உள்ளே கலகலக்கும். இருமினால் குத்தும். தும்மினால் கண்ணில் பூச்சி பறக்கும். நேராக எழுந்து உட்கார முடியாது, கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துகிற மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் எழுவாள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று, பிள்ளையை அவளால் தூக்க முடியவில்லை. குனிந்து கையைக் கொடுத்தாலே வயிறு பிளந்துகொண்டு இரும்பெல்லாம் முன்னால் சரியும், முதுகு மளுக்கென்னும், பிள்ளையோடு சேர்ந்து விழுந்துவிடுவாள். ஒருமுறை விழுந்தும்விட்டாள், பிள்ளைக்கு நெற்றி வீங்கிப்போயிற்று. பால் குடிக்கப் பிள்ளையை மாமியார் கொண்டுவந்து பக்கத்தில் போடுவாள், குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். செண்பகம் அழுதால் தெருவில் யார் யாரோ தூக்கினார்கள். பெற்றவள் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் மாசத்தில் பிள்ளை தவழ்ந்துவந்து அவள் வயிற்றில் தலையைச் சாய்த்தது, சாய்த்த வேகத்தில் உள்ளிருந்த பிடி ஒன்று இடித்து வீறிட்டது. அன்றைக்கு அவள் சுவரில் மண்டையை மோதிக்கொண்டு அழுதாள்.

தடுப்பூசி போட வருகிற ரெஜினா சிஸ்டர்தான் அவள் வயிற்றைப் பார்த்த முதல் வெளியாள். இரும்பைப் பற்றி ரெஜினா ஒன்றும் கேட்கவில்லை, கண்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. ரத்தத்தைச் சோதித்து, "ஒடம்புல இரும்புச் சத்தே இல்லியேம்மா" என்றாள். சந்தனமாரிக்கு வந்த சிரிப்பில் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள, வலி பொறுக்காமல் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா விரலை வைத்து அளந்தாள். "அஞ்சு வெரல் அகலம் இருக்கு. இது நோயில்ல மாரி, சதை வெலகிப் போயிருக்கு. சேர்த்துரலாம். மூச்சை உள்ள இழு. இப்ப மெதுவா விடு. விடும்போது தொப்புளை முதுகெலும்போட ஒட்டப்போறேன்னு நெனச்சு உள்ள இழு. எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்காத, பக்கவாட்டுல திரும்பி, கையை ஊன்றி எந்திரி. சொமை தூக்காத. வயித்தைக் கட்டு."

"சேந்தா பிள்ளையத் தூக்கலாமா?"

"பிள்ளைய என்ன, உப்பு மூட்டையவே தூக்கலாம்."

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. ஆனால் வயிற்றைக் கட்டின துணியை அன்றைக்கே சொர்ணத்தம்மா அவிழ்த்துப் போட்டாள். மூடிவிட்டால் உள்ளே இருக்கிறதை எல்லாம் எவள் வயிற்றில் கொண்டுபோய் வைப்பது என்று தெருவில் கூடிப் பேசினார்கள். பெரிய மனுஷர்கள் நாலு பேர் ரெஜினாவை வழிமறித்து, தடுப்பூசி போடுவதோடு சோலியை முடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். கொம்பையா ராத்திரி சாப்பாட்டின்போது பொண்டாட்டியைப் பார்த்து, "மூடணும்னு நெனச்ச, கம்பியப் போட்டு நெம்பித் தொறந்துருவேன்" என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.

மூச்சை எவன் தடுக்க முடியும்? கஞ்சி கிண்டும்போது மூச்சை விட்டாள், தொப்புளை இழுத்தாள். குழாயடியில் குடம் நிரம்புகிற வரைக்கும் இழுத்தாள். தெருக்காரன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிவாளைச் சொருகிக்கொண்டிருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு அடிவயிற்றில் இழுத்தாள். மூடுவதென்றால் சும்மா மூடுவதா, இருபத்துமூன்று அரிவாளின் மேல் மூட வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கூர் ஏதாவது ஒன்று சதையில் ஏறும், வாயில் ரத்தம் கரிக்கும், விழுங்கிக்கொண்டு அடுத்த மூச்சை இழுப்பாள். ஏழாம் மாசம் நாலு விரல் ஆயிற்று. ஒன்பதாம் மாசம் மூன்று. பத்தில் இரண்டரை. "என்னளா, எடம் இறுகிக்கிட்டே வருது" என்று கொம்பையா ஒருநாள் அரிவாளைச் சாய்த்து நுழைத்தபடி முனகினான். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறேன் அல்லவா, உடம்பு வற்றுகிறது என்றாள்.

பதினோராம் மாசம் பிறந்ததும் அவள் தம்பி ஆவுடை வந்தான். பகையூருக்குள் பட்டப்பகலில் வெள்ளைச் சட்டையோடு சைக்கிள் மிதித்து வந்தான், தாய்மாமன் என்று வருகிறவனைத் தொடக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான சட்டம். காது குத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தான். செண்பகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாமன் மடியில ஒக்காந்துதான் குத்தணும், கேட்டியா? கம்மல் மாமன் கொண்டாருவேன், திருகு வெச்சது" என்று அதனோடு பேசினான். பிறகு அக்காள் சுவரைப் பிடிக்காமல் பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுகிறதையும், எழும்போது அவள் வயிற்றுக்குள் கேட்ட சத்தத்தையும் கவனித்தான்.

"யக்கா, ஒனக்கு வலிக்கா?" என்று கேட்டான்.

பத்து மாசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. கேட்டதும் அவளுக்கு உடைந்துவிட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், யார் யார் வைத்திருக்கிறார்கள், எது எவனை வெட்டினது என்பது வரைக்கும். ஆவுடைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. காது குத்து முடிந்த மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன், எவன் தடுக்கிறான் என்று பார்க்கிறேன் என்று எழுந்துபோனான். அடுப்படியில் சொர்ணத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கீரையை ஆய்ந்து முடித்துக் கழுவி வைத்துவிட்டு மகனிடம் போய்ச் சொன்னாள்.

சட்டம் என்ன சொல்கிறது? தாய்மாமன் என்று வருகிறவனை ஊருக்குள் தொடக் கூடாது என்கிறது. ஊருக்கு வெளியே என்ன செய்யலாம் என்று அது சொல்லவில்லை.

காது குத்துக்கு மூன்று நாள் இருந்தது. சந்தனமாரி காலைச் சாப்பாடு முடித்து முற்றத்து நிழலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொம்பையா வந்தான், மூச்சு வாங்கியது, முழங்கை வரைக்கும் கழுவியிருந்தான், சட்டைக் காலரின் உள்பக்கத்தைக் கழுவ மறந்திருந்தான். "தொற" என்றான். அவள் முறத்தை வைத்துவிட்டுச் சேலையை விலக்கினாள். முதலில் அரிவாள் இல்லை, சின்னதாக ஏதோ உள்ளே போயிற்று, கனமே இல்லை, காகிதம் நொறுங்குகிற சத்தம். இத்தனை மாசத்தில் அவளுக்குள் போன பொருளில் உறுத்தாதது அது ஒன்றுதான்.

குனிந்து பார்த்தாள். நகைக்கடையில் மடித்துக் கொடுக்கிற ரோஸ் காகிதம், ஓரத்தில் ஈரம்.

"என்னது இது?"

"பிள்ளைக்குக் கம்மல்."

"நீங்க வாங்குனீயளா?"

"யாரு வாங்குனா என்ன? நம்ம பிள்ளைக்குத்தான கொண்டாந்தான், வீணாப் போவானேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றான் கொம்பையா. சொல்லும்போதே அவன் கை அரிவாளை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. முதல் கம்மலைப் பெற்ற தகப்பன் கையால்கூடக் கொண்டுவரக் கூடாது, அது தாய்மாமன் கையில்தான் வர வேண்டும் என்பது சிப்பிக்காட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வெட்டிவிட்டு வந்தவன் சூட்டில் அதை மறந்துபோனான். ஆவுடை தன் கையிலிருந்ததைச் சும்மா கொடுத்திருக்க மாட்டான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூச்சை நிறைய இழுத்தாள், மெதுவாக விட்டாள், விடும்போது தொப்புளை முதுகெலும்போடு ஒட்டினாள்.

பத்து மாசம் சேராத தசை அவன் மணிக்கட்டின் மேல் சேர்ந்தது.

கொம்பையா முதலில் சிரித்தான், "ஏளா, விடு" என்றான். பிறகு இழுத்தான். பிறகு காலை ஊன்றி இழுத்தான். பிறகு இடது கையால் அவள் கன்னத்தில் அறைந்தான், வாயில் குத்தினான், அவளுடைய முன்பல் ஒன்று அரிசி முறத்தில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் வயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது. நாலாவது அடியில் மணிக்கட்டில் எலும்பு நொறுங்குகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அவன் போட்ட கூச்சலில் ஊர் திரண்டது. தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள், விளக்கெண்ணெய் ஊற்றினார்கள், சோப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றினார்கள், நாலு ஆம்பளைகள் அவனையும் நாலு பொம்பளைகள் அவளையும் பிடித்துத் தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். கொம்பையாவுக்கு மயக்கம் வந்ததுதான் மிச்சம்.

"வெட்டித் தொறங்கல அவள!" என்று ஒருவன் கத்தினான்.

எல்லாரும் இடுப்பில் கை வைத்தார்கள். வெட்ட அரிவாள் வேண்டாமா? அந்த ஊர் அரிவாள் ஒன்று பாக்கியில்லாமல் அவள் வயிற்றுக்குள் அல்லவா இருந்தது. ஒருத்தி ஓடிப்போய் அரிவாள்மனையைத் தூக்கிவந்தாள். சொர்ணத்தம்மா அதைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். "யார வெட்டப் போற? எம்மவன் கை உள்ள இருக்குடி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

சந்தனமாரி பக்கவாட்டில் திரும்பினாள், ஒரு கையை ஊன்றினாள், எழுந்தாள். அவள் எழுந்ததும் அவனும் எழ வேண்டியிருந்தது. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பின்னால வாங்க, அத்த" என்றாள். நடக்கத் தொடங்கினாள்.

உப்பளத்துக்கு நடுவே போகிற பாதையில், உச்சி வெயிலில், அவள் முன்னால் நடந்தாள். அவன் குனிந்தபடி, கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து நடந்ததைவிட நெருக்கமாக, பக்கத்தில் இழுபட்டுக்கொண்டு வந்தான். கெஞ்சினான். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். உன் தாலி என்றான், பிள்ளை முகத்தைப் பார் என்றான், அப்புறம் உன்னைக் கண்டதுண்டமாக்குவேன் என்றான், அப்புறம் மறுபடி கெஞ்சினான். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். பின்னால் சிப்பிக்காடு முழுக்க வெறுங்கையோடு வந்தது.

ஓடை மடையில் ஆவுடை கிடந்தான். வெள்ளைச் சட்டை தெரியவில்லை, பக்கத்திலிருந்த உப்புக் குவியல் பாதிக்குச் சிவந்திருந்தது, இரண்டு விரல் தனியே கிடந்தன. கம்மலை விடாமல் பிடித்த விரல்கள். மேலச்செறுவை ஆட்கள் சுற்றி நின்றார்கள், அவர்கள் கையில் அரிவாள் இருந்தது. கொம்பையாவைக் கண்டதும் ஓ என்று ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் அலறிக்கொண்டு, யாரை அடித்தானோ அவள் விலாவோடேயே ஒட்டிப் பதுங்கினான்.

சந்தனமாரி நகரவில்லை. பிறந்த ஊர்க்காரர்களை, சித்தப்பன் மகனை, கூடப் படித்தவனை, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"வெட்டுங்க. வெட்டிட்டு அருவாள எங்க ஒளிப்பீய? ஒங்க ஊர்ல எவ வயித்தக் கிழிச்சு வைப்பீய? என் வயிறு மூடியாச்சு. இனிமே தொறக்காது" என்றாள். குரல் உயரவில்லை. "எந்தம்பி போயிட்டான். இவன் எங்கூட வாறான். வழிய விடுங்க."

அவர்களில் ஒருவன் தன் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிறைமாசம், கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவன் பார்த்த பார்வையில் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். அவன் அரிவாளைத் தழைத்தான். மற்றவர்கள் ஏன் தழைத்தார்கள் என்று தெரியாது, தழைத்தார்கள். சந்தனமாரி தம்பியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள், குனிய முடியவில்லை, வலது காலால் அவன் காலைத் தொட்டுவிட்டு நடந்தாள். இப்போது பின்னால் இரண்டு ஊரும் வந்தன.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே உள்ளே போய், சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்து, ரெஜினா சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டாள். கொம்பையா பக்கத்தில் மண்டி போட்டான். "எழுதிக்கிடுங்க சார்" என்றாள்.

மூச்சை விட்டுக்கொண்டே அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிள்ளை பெற்றதைவிட அது கஷ்டம், பிள்ளைக்குக் கூர் கிடையாது. எண்ணெய்த் துணியோடு முதலாவது வந்து தரையில் விழுந்தது, இன்னாருடையது, இன்ன மாசம், இன்னாரை வெட்டினது என்றாள். ரைட்டர் எழுதினார். இரண்டாவது, மூன்றாவது. ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பேர் சொல்லப்பட்டவன் ஓடப் பார்த்தான், பக்கத்திலிருந்தவன் பிடித்துக்கொண்டான், அடுத்து அவன் பேர் வந்தது. இருபத்துமூன்று அரிவாளும் விழுந்து முடிந்தபோது தரையில் இடமில்லை, அவள் முதுகுக்கடியில் ரத்தம் பாய்போல் விரிந்திருந்தது. கடைசியில் கொம்பையாவின் கை வந்தது. மணிக்கட்டில் தொங்கியது, ஆனாலும் விரல்கள் இருபத்துநாலாவது அரிவாளை விடாமல் பிடித்திருந்தன. உள்ளே இறுகினதில் பிடித்தபடியே ஒட்டிப்போயிருந்தன. அரிவாளைத் தனியே எடுக்க முடியாமல் கையோடு சேர்த்துத்தான் அவனுக்கு விலங்கு போட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு மோர் இறங்கவில்லை.

"அவ்வளவுதான்" என்றாள் சந்தனமாரி. தொப்புளை உள்ளே இழுத்தாள், வயிறு மூடிக்கொண்டது. ரெஜினா வந்து விரலை வைத்துப் பார்த்தாள், ஒரு விரல்கூட நுழையவில்லை.

காது குத்து இரண்டு மாசம் தள்ளி, பதிமூன்றாம் மாசத்தில் நடந்தது. சிப்பிக்காட்டில் பாதி ஆம்பளைகள் ஜெயிலில் இருந்ததால் கூட்டம் இல்லை. சொர்ணத்தம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், அவளோடு யாரும் பேசவில்லை. மனையைப் போட்டு, வெல்லத்தையும் தேங்காயையும் வைத்து, ஊசியைத் துடைத்துக்கொண்டு ஆசாரி சுற்றுமுற்றும் பார்த்தார். தாய்மாமன் மடியில்லாமல் அவர் இதுவரைக்கும் ஒரு காதும் குத்தினதில்லை.

"தாய்மாமன் எங்கம்மா? மடி வேணும்லா?"

சந்தனமாரி மனையில் உட்கார்ந்தாள். பிள்ளையை எடுத்து மடியில் வைத்து, அதன் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மூச்சு ஏறி இறங்கியபோது உள்ளே, மிக மெல்ல, இரண்டு சின்னப் பொருள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. ஆசாரிக்குக்கூடக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கதான் இருக்கான். குத்துங்க" என்றாள்.

ஆசாரி குத்தினார். செண்பகம் வீறிட்டுக் கத்தியது. இரண்டு காதிலும் வேப்பங்குச்சியைச் சொருகினார்கள். வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வாங்க ஓடிவந்து கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் மைனி" என்றாள் சந்தனமாரி. பக்கவாட்டில் திரும்பவில்லை, கையை ஊன்றவில்லை. பிள்ளையோடு நேராக எழுந்து நின்று, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.